சட்டை எடுக்கும்போது முதல்ல தோளைப் பாருங்க

மதுரையில இருபது வருஷத்துக்கு மேல டெய்லர் கடை வச்சிருக்கேன். ஆஃபீஸ் போற பசங்கள்ல பாதிப் பேரு இப்பல்லாம் தைக்கக் குடுக்க வர்றதில்ல, ரெடிமேட்ல வாங்கினதை ஆல்ட்டர் பண்ணத்தான் வர்றாங்க.

போன மாசம் ஒரு தம்பி, மறுநாள் இண்டர்வியூ, ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு சட்டை வாங்கிட்டு வந்து "அண்ணே லூசா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க"ன்னான். போடச் சொல்லிப் பாத்தா தோள்பட்டைத் தையல் கைப்பக்கம் ஒரு இன்ச்சுக்கு மேல இறங்கிக் கெடக்கு. சைடு பிடிக்கிறது பத்து நிமிஷ வேலை, கை நீளத்தைக்கூட கஃப்பைப் பிரிச்சு குறைச்சுரலாம், ஆனா தோளு அப்படி இல்ல, ரெண்டு கையையும் கழட்டி, தோளை வெட்டி, திரும்ப ஏத்தணும், கட்டம் போட்ட சட்டைன்னா கட்டமும் சேராது. அதான் சொல்றேன், கடையில டிரையல் பாக்கும்போது தோள் எலும்பு முடியிற இடத்துல தையல் உக்காருதான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் தம்பி இவ்ளோ பெருசுன்னு கேட்டா, தண்ணில போட்டா சுருங்கும்னு அம்மா சொன்னாங்களாம். நல்ல கம்பெனி ரெடிமேடுக்கு துணியை முன்னாடியே சுருக்கிட்டுத்தான் வெட்டுவாங்க, அவ்ளோவா சுருங்காது. காட்டன் பிட் எடுத்து தைக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கவலை, ஒரு ராத்திரி பச்சைத் தண்ணில ஊறப்போட்டு காயவச்சு எங்ககிட்ட குடுங்க. இன்னொண்ணு, காலர்ல 42ன்னு போட்டிருந்ததை அவன் நெஞ்சளவு இன்ச்ல போட்டிருக்குன்னு நெனச்சுட்டான். நிறைய ஃபார்மல் சட்டையில அது கழுத்துச் சுத்தளவு, சென்டிமீட்டர்ல. மேல் பட்டன் போட்டா காலருக்குள்ள ரெண்டு விரல் போகணும், நாலு விரல் போச்சுன்னா டை கட்டும்போது காலர் சுருங்கி மடங்கி நிக்கும்.

துணி விஷயத்துக்கு வருவோம். சுத்த காட்டன்தான் உசத்தின்னு சொல்ற ஆளு நான் இல்ல. பஸ்ல நசுங்கி ஆஃபீஸ் போறவருக்கு காட்டன் சட்டை பதினோரு மணிக்கே கசங்கிரும், அவருக்கு டெரிகாட்டன் (பாலியஸ்டர் கலந்த காட்டன்) தப்பே இல்ல. முழு பாலியஸ்டரை மட்டும் நம்ம ஊரு வெயிலுக்கு வேணாம்னு சொல்வேன், வேர்வையை உறிஞ்சாது, உடம்போட ஒட்டிக்கும். காட்டன்னு சொல்லி வித்துட்டாங்களோன்னு சந்தேகமா இருந்தா உள்பக்கத் தையல் ஓரத்துல ஒரு நூலை உருவி எரிச்சுப் பாருங்க (சட்டையைத் தள்ளி வச்சுட்டு!), காட்டன்னா பேப்பர் எரியிற வாசனை வரும், சாம்பலாயிரும், பாலியஸ்டர்னா உருகிச் சுருண்டு கெட்டியா மணி மாதிரி ஆயிரும்.

அப்புறம் இந்த கருப்பு பேன்ட். ஆறே மாசத்துல சீட்லயும் முட்டிலயும் பளபளன்னு ஆயிருச்சு, துணி மட்டம்னு நம்மகிட்ட சண்டைக்கு வர்றாங்க. பெரும்பாலும் துணி மேல தப்பு இருக்காது, உக்காந்து எந்திரிச்சு உராயறதும், நல்ல பக்கத்துலயே சூடான பெட்டியை வச்சு அழுத்துறதும்தான் காரணம். உள்பக்கம் திருப்பித் தேய்க்கச் சொல்லுங்க, இல்லன்னா மேல ஒரு ஈரத்துணி போட்டு. கரிப்பெட்டியில சூட்டைக் குறைக்க திருகு எதுவும் கிடையாது, அதனால தெரு முனை அயர்ன் வண்டில குடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும்.

பேன்ட் நீளம் அளக்க வர்றப்போ தயவுசெஞ்சு ஆஃபீஸுக்குப் போடற ஷூவைப் போட்டுட்டு வாங்க. அந்தத் தம்பி ரப்பர் செருப்போட வந்து நின்னான். நீளத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, ஹெம்மை மடிக்காம வீட்டுக்கு அனுப்பி, ஷூவை எடுத்துட்டு வரச் சொல்லி, ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி அளந்தேன். முக்கா இன்ச் வித்தியாசம் இருந்துச்சு.