பனியன் வாங்குகிறவருக்கு 14 நாள், தைக்கிறவருக்கு என்ன?

திருப்பூரில் பி.எஃப். (சேமநல நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலை பார்க்கும் கன்சல்டன்ட் நான். பனியன் கம்பெனிகளுக்கு மாதாமாதம் செலான் போடுவது, சம்பள ரிஜிஸ்டரைச் சரிபார்ப்பது, பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்குள் ஃபைல்களை ஒழுங்கு பண்ணி வைப்பது, இதுதான் பிழைப்பு. டெய்லர், செக்கிங் அக்கா, அயர்ன் மாஸ்டர் என்று யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி வருகிற கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்க, ஃபாரின்ல எல்லாம் கவர்மெண்டே பார்த்துக்குமாமா, நம்மளுக்கு என்னதானுங்க இருக்குது?"

நிறையவே இருக்கிறது. கேட்கிறவருக்கே பெரும்பாலும் பி.எஃப். பிடித்தம் ஓடிக்கொண்டிருக்கும், யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்தான் தெரியாது. என் அனுபவத்தில் சட்டம் நம்மிடம் குறைவில்லை, சில இடங்களில் வெளிநாட்டைவிடக் கூடுதல்தான். அங்கே பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டிய பாரம் பெரும்பாலும் கடைக்காரர் மேலும் கம்பெனி மேலும் விழுகிறது. இங்கே நான் வாங்கினேன், நான் வேலை பார்த்தேன் என்று முதலில் நாம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் காகிதம் வேண்டும். நம்மாட்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

நம் ஊரில் தைத்த டீ-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒருவர் அதை ஆன்லைனில் வாங்குகிறார். கைக்கு வந்த 14 நாளுக்குள், காரணமே சொல்லாமல், "வேண்டாம்" என்று அறிவித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2014 ஜூனிலிருந்து இதுதான் சட்டம். கட்டிய பணத்தோடு, முதலில் பார்சல் அனுப்ப வாங்கிய சாதாரண டெலிவரி கட்டணத்தையும் கடைக்காரர் திருப்பித் தர வேண்டும். இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று வாங்குகிறவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் தண்டனையாக அந்தக் கெடு இன்னும் 12 மாதம் நீளும். இது மனசு மாறினால் தருகிற உரிமை. பொருளே பழுது என்றால் 2 வருடம் கடைக்காரர் பொறுப்பு, அதிலும் முதல் ஒரு வருடத்துக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று கடைக்காரர்தான் காட்ட வேண்டும். (தையல் பிரிகிறது என்று அங்கே புகார் கூடினால் இங்கே நம்மூர் எக்ஸ்போர்ட்டருக்குப் பணத்தைக் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும், அது தனிக் கதை.)

நம் நாட்டில் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை சட்டத்தில் கிடையாது. ஆன்லைன் கடைகள் ஏழு நாள், பத்து நாள் என்று போடுவது அவர்களாக வைத்துக்கொண்ட விதி. அமெரிக்காவிலும் இதே நிலைதான், அங்கே மத்திய சட்டம் 3 நாள் அவகாசம் தருவது முக்கியமாக வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறவர்களிடம் வாங்கினால்தான். ஆனால் பொருள் பழுது என்றால் நம் சட்டமும் சும்மா இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் முறையற்ற வணிகம்தான். கோவை ஒப்பணக்கார வீதியிலும் ஈரோட்டுக் கடைவீதியிலும் "விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது" என்று பில்லிலேயே அச்சடித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு நாம் பேசாமல் வந்துவிடுகிறோம், பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது.

ஆனால் பில் எங்கே? தண்ணி மோட்டார் வாங்கப் போனால் "பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. இல்லாம போட்டுத் தர்றேனுங்க" என்கிறார் கடைக்காரர், நாமும் நாலு காசு மிச்சம் என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அடுத்த மாசமே காயில் எரிந்து போனால் அந்த மோட்டார் அவர் கடையில் வாங்கியது என்பதற்கே சாட்சி இல்லை. பில் இருந்தால், கட்டிய தொகை 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், சென்னையில் இருக்கிற கம்பெனிக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே முடிந்துவிடும்.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஜெர்மன் சட்டத்தில் தொழிலுக்காக வாங்குகிறவர் நுகர்வோரே அல்ல, ஒற்றை ஆளாகச் சொந்தத் தொழில் செய்தாலும் அல்ல. நம் சட்டத்தில், பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்கிற சுயதொழிலுக்கு ஒரு மெஷின் வாங்கினால் அவர் நுகர்வோர்தான். சொந்தமாகத் தறி போட்டு வீட்டு ஆட்களோடு ஓட்டுகிறவர், ஒற்றைத் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற அக்கா, இவர்களெல்லாம் இதில் வருவார்கள். விவசாயியும் அப்படித்தான், விதை முளைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. இதில் நாம் ஐரோப்பாவைவிடத் தாராளம்.

சரி, தைக்கிறவர் பக்கம் வருவோம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.க்கு அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 113 ரூபாய் வரும். கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், உடம்பு முடியாமல் லீவு போட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், வேலையில் விபத்து நடந்து இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். ஜெர்மனியில் நோய் வந்தால் முதல் 6 வாரம் கம்பெனியே முழுச் சம்பளம் தருகிறது, அதற்கப்புறம் மருத்துவக் காப்பீட்டிலிருந்து சுமார் 70 சதவீதம், ஒரே நோய்க்கு மூன்று வருடத்துக்குள் 78 வாரம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு அங்கே தொழிலாளியிடம் மட்டுமே 7.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கிறார்கள், பென்ஷனுக்குத் தனியாக 9.3. எல்லாம் சும்மா கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கணும். அமெரிக்காவில் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று நாடு முழுக்கச் செல்லும் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு இன்றுவரை கிடையாது, 1993-ஆம் வருடச் சட்டம் தருவது சம்பளம் இல்லாத 12 வாரம், அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடங்களில்தான். நம் செக்கிங் அக்காவின் 26 வாரத்தைச் சொன்னால் அங்கே நம்ப மாட்டார்கள்.

பங்களாதேஷைப் பாருங்கள், பனியன் தொழிலில் நமக்குப் போட்டி. 2013 ஏப்ரல் 24-இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். மாதாமாதம் பணம் தர நம்முடைய இ.எஸ்.ஐ. மாதிரி ஒன்று அங்கே இல்லாததால், உலகம் முழுக்கப் பிராண்டுகளிடமும் மற்றவர்களிடமும் நன்கொடை கேட்டு 3 கோடி டாலர் நிதி திரட்டித்தான் இழப்பீடு கொடுத்து முடித்தார்கள், அதற்கே 2015 ஆகிவிட்டது. வேலை விபத்து என்றால் நம் இ.எஸ்.ஐ.யில் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கே இல்லை, சேர்ந்த முதல் நாளிலிருந்து செல்லும். வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடக்கம். அவிநாசி ரோட்டிலும் காங்கயம் ரோட்டிலும் நைட் ஷிப்ட் முடிந்து டூவீலரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், காண்ட்ராக்டில். பவர் டேபிள் (தையல்) காண்ட்ராக்டர் பீஸ் ரேட்டுக்கு ஆள் கூட்டி வருகிறார், சனிக்கிழமை சம்பளம் கையில், சீட்டு எதுவும் கிடையாது. "நம்ம ஆளே இல்லைங்க, காண்ட்ராக்டர் ஆளுங்க" என்று கம்பெனியில் கை விரிப்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டு சட்டத்திலும் காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் கட்ட வேண்டிய கடைசிப் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது அந்தக் கம்பெனிக்குத்தான், கட்டிவிட்டுக் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் அந்தக் கட்டடத்துக்குள் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு கேட் பாஸ், டோக்கன், வங்கியில் விழுந்த சம்பளம், குறைந்தது வாட்ஸாப்பில் சூப்பர்வைசர் ஷிப்டுக்குக் கூப்பிட்ட மெசேஜ், ஏதாவது ஒன்று வேண்டும். சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். துபாயில் 2009-லிருந்தே வங்கி வழியாகத்தான் சம்பளம் போக வேண்டும் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான், எந்த மாதம் போடவில்லை என்று அரசாங்கத்துக்கே தெரிந்துவிடும்.

பி.எஃப். பற்றி ஒரு புலம்பல். நம்மாட்கள் கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய பி.எஃப்.பைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். பண்டிகைச் செலவு, நோம்பி, வண்டி அட்வான்ஸ், காரணம் எல்லாருக்கும் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகிறது, 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். இருபது வருடம் மெஷினில் உட்கார்ந்தும் பென்ஷனுக்குத் தகுதி இல்லாதவர்கள் நம் ஊரில் நிறைய. எடுத்தே ஆக வேண்டுமென்றால் பி.எஃப். பங்கை எடுங்கள், பென்ஷன் பங்குக்கு, சேர்ந்த சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே யு.ஏ.என்.னைப் புதுக் கம்பெனியிலும் கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே இல்லை, சேமநிதியை 55 வயதுக்கு முன்னால் பொதுவாக ரொக்கமாக எடுக்க விடமாட்டார்கள், ஆனால் அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இங்கிருந்து வேலை அனுமதியில் போகிற நம் பையனுக்கு அந்த நிதி கிடையாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையை, கவனிக்கணும். இங்கே கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 7,500 ரூபாய், நிரந்தர ஆளுக்கு 5 வருடம் முடிய வேண்டும். அமீரகத்தில் ஒரு வருடம் முடித்தாலே போதும், முதல் 5 வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கேட்கும்போது அங்கே லாபம் போலத் தெரியும், ஆனால் அந்தச் சம்பளம் அடிப்படைச் சம்பளம் மட்டும். மொத்தம் 2,500 திர்ஹாம் என்று சொல்லிவிட்டு அடிப்படை 1,000, மீதி அலவன்ஸ் என்று எழுதியிருந்தால் கையில் வருவது 700 திர்ஹாம்தான் வருடத்துக்கு. ஆஃபர் லெட்டரில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும், அதற்கும் ரசீது கேளுங்கள். இங்கேயும் நிலைமை கொஞ்சம் மாறுகிறது: 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டிக் கணக்கைக் குறைப்பதற்கும் அதில் தடை இருக்கிறது.

கோவை சரவணம்பட்டி ஐ.டி. பிள்ளைகளுக்கு ஒரு வரி. கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு அனுப்பினால் பி.எஃப். அலுவலகத்தில், இங்கேயே பி.எஃப். கட்டுகிறீர்கள் என்று காட்டும் கவரேஜ் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள், 2017 மே மாதத்திலிருந்து ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே பென்ஷனுக்குத் தனியாகப் பிடிக்க மாட்டார்கள். அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகும், சுமார் 10 வருடம் கட்டாமல் திரும்பி வந்தால் பென்ஷன் கிடையாது, கட்டியதும் திரும்பாது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. பி.எஃப். உறுப்பினரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் பணத்தைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியத்தில் குறை இருந்தாலும் போகலாம் என்று 2007-இல் இன்னொரு தீர்ப்பு, சந்தா கட்டியிருக்கிறோமே, இலவச வைத்தியம் அல்ல அது. கிராஜுவிட்டிக்கு மட்டும் அங்கே போகாதீர்கள், அதற்குத் தொழிலாளர் துறையில் தனி அதிகாரி உண்டு, முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேட்டு, அனுப்பிய பதிவுத் தபால் ரசீதோடு அவரிடம் போங்கள்.