இருமுனை: கூட்டுக்குள் சுழலும் காவடி

மலாயில் "டுவிகுத்துப்", ஆங்கிலத்தில் டைபோல் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பினாங்கில் என்னிடம் வேதியியல் படிக்க வரும் மாணவி கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன் முந்திக்கொண்டு "இருதுருவம்" என்றான். மலாயில் வட துருவம் "குத்துப் உத்தாரா" என்றால் இதுவும் துருவம்தானே என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான், சொல்தான் இடிக்கிறது.

துருவம் என்ற வடசொல்லுக்கு அசையாதது என்று பொருள். துருவ நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். டைபோல் கிரேக்கத்திலிருந்து வந்தது: "டி" என்றால் இரண்டு, "போலோஸ்" என்றால் சுழல்வதன் அச்சு. மலாய்ச் சொல்லில் பாதி வடமொழி, பாதி அரபி. அந்த அரபிக் "குத்துப்", திரிகைக்கல்லின் நடு முளைக்கும் பெயர். தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் சொல் இருமுனை. முனை நுனியையும் குறிக்கும், நிலமுனையையும் குறிக்கும். ஜார்ஜ் டவுனைப் பழைய ஆட்கள் சொல்லும் "தஞ்சோங்" என்பதற்கும் முனை என்றுதான் பொருள்.

ஒரு மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது இருமுனை. நீர் அப்படிப்பட்டதே, அதன் அளவு 1.85 டெபை (இருமுனையை அளக்கும் அலகு).

சூரிய மின்கலத்துக்கு உதவும், கரிமமும் கனிமமும் சேர்ந்த கலப்பு பெரோவ்ஸ்கைட்டில் இந்தச் சொல் உயிர்பெறுகிறது. (கலப்பினம் என்று எழுத வேண்டாம், அது நெல்லுக்கும் மாட்டுக்கும் உரியது.) பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் யூரல் மலையில் கண்டெடுத்த கனிமத்துக்கு ரஷ்யரான பெரோவ்ஸ்கியின் நினைவாக இட்ட பெயர். ஆட்பெயர் என்பதால் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அதே படிக அமைப்பில் ஈயமும் அயோடினும் கூடு கட்ட, நடுவே இருமுனையான மெத்தில் அம்மோனியம் அயனி உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது என்பதுகூடப் பிழை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், உறவினர்கள் கைகோத்து வட்டம் விட, நடுவே காவடி சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அறை வெப்பநிலையில் இந்த அயனியும் அப்படித்தான் கூட்டைவிட்டு வெளியேறாமல் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு திருப்பத்துக்குச் சில பிக்கோ நொடிகள் போதும். பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சுமார் மைனஸ் 111 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால்தான் ஆட்டம் அடங்கி, அயனிகள் ஒழுங்காக அணிவகுத்து உறைகின்றன. துருவம் என்ற சொல் பொருந்துவது அந்த நிலைக்கு மட்டும்.

ஒளி பட்டுப் பிரிந்த எலெக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான துளையும் மீண்டும் சேராமல் காப்பதில் இந்தச் சுழற்சிக்குப் பெரிய பங்கு இருப்பதாகச் சிலர் கருதினார்கள். ஆனால் இருமுனையே இல்லாத சீசியம் அயனியை வைத்தாலும் மின்கலம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே பெருமை முழுவதையும் காவடிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஈய அயோடைடுக் கூட்டுக்கே பெரும்பங்கு.

டைபோல் மோமென்ட்டுக்கு இருமுனைத் திருப்புத்திறன் என்பது வழக்கு. மின்புலத்தில் வைத்தால் இருமுனை திரும்பும், அதன் அளவு இது. மாணவி அவசரத்தில் "இருமுனைத் தருணம்" என்று எழுதிவைத்திருந்தாள். அது முகூர்த்தம் பார்க்கிற காரியம் என்று அடித்துத் திருத்தினேன்.