ஏரிக்கரை நடைபாதைக்கு நிதி கேட்கும் முன் ஒருமுறை மழையில் நடந்து பாருங்கள்

போன ஐப்பசியில் தாம்பரம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். நடைபாதை போட்டு இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. பேவர் பிளாக் வரிசை கலையாமல் அழகாக இருந்தது. ஓரமாகக் குனிந்து கல்லுக்கு அடியில் கையை விட்டேன். முழங்கை வரை போனது. கல்லைத் தாங்கிய மணலும் அதற்குக் கீழே கரை மண்ணும் கரைந்து போயிருந்தன. தினமும் விடியற்காலையில் வயதானவர்கள் அதன் மேல்தான் நடக்கிறார்கள்.

மண் அரிப்பைத் தடுக்கும் வேலையில் இருப்பதால், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவார்கள். இத்தனை மீட்டர் பாதை, இத்தனை விளக்கு, இத்தனை பெஞ்ச் என்று எல்லாம் இருக்கும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பாதை நிலைக்குமா என்பதை முடிவு செய்வதே அந்த ஒரு வரிதான்.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. மண்பாதையில் ஆட்கள் நடக்க நடக்க நடுப்பகுதி பள்ளமாகும். பள்ளத்தில் சேரும் தண்ணீர் பாதையோடு ஓடி, தாழ்வான இடத்தில் கரையை அறுத்துக்கொண்டு இறங்கும். முதல் மழையில் விரல் அகலம், நாலாவது மழையில் கால் புதையும் அளவு. பாதையை ஏரிப் பக்கமாக, மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிய விட்டால் தண்ணீர் ஓரிடத்தில் சேராமல் பரவலாக இறங்கும். தண்ணீர் இறங்கும் அந்தச் சரிவில் குறுக்கே வரிசையாக வெட்டிவேர் நடலாம். அதன் வேர் 3 மீட்டர் ஆழம் வரை போய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அரிப்பை அளப்பதும் கஷ்டமில்லை. மழைத்தண்ணீர் அறுத்த ஓடையின் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றிலிருந்து அடி வரை ஸ்கேலால் அளங்கள். அகலம் 30 சென்டிமீட்டர், நடு ஆழம் 20 சென்டிமீட்டர், நீளம் 12 மீட்டர் என்று வையுங்கள். முக்கோணக் கணக்குப்படி 0.36 கனமீட்டர், அதாவது அரை டன்னுக்கு மேல் மண். சரிவு பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். இந்த அளவையும் மழை பெய்யும்போதே எடுத்த படங்களையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

சரி, பணம் எங்கே கிடைக்கும்? அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பாதைகளுக்கென்றே 1991 முதல் ஒரு மத்திய நிதி இருக்கிறது. சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளின் எரிபொருள் வரியிலிருந்து அது வருகிறது. நமக்கு அப்படித் தனியாக ஒன்று இல்லாததால் இருப்பதில்தான் தேட வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். தொகுதி மேம்பாட்டு நிதிக்கு எம்.எல்.ஏ.வை அணுகலாம்.

நான் முதலில் சொல்வது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணையில் மண்ணின் தரத்தைக் காப்பதும் இருக்கிறது. வேலை தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து இன்னும் 3 ஆண்டு வரை நீளும் திட்டத்துக்கும் இடமுண்டு. அதனால் பராமரிப்பையும் எஸ்டிமேட்டிலேயே எழுதிக் கேளுங்கள். பாதை போடக் கிடைத்து, பராமரிக்கக் கிடைக்காமல் போன கரைகளை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை. பணத்தை வாங்கும் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். தண்ணீர் வற்றிய கோடையில் மண்வேலை, ஆவணி, புரட்டாசியில் வெட்டிவேர் நடவு என்று போனால்தான் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். அப்படியென்றால் விண்ணப்பம் தையிலேயே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறதா, மாநகராட்சியிடம் இருக்கிறதா என்று விசாரித்து, அனுமதிக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அதிக நாள் இழுப்பது அந்தக் கடிதம்தான்.