நாற்பதுக்கு மேல் கருத்தடை: ஏன், எது, எதுவரை?

இருபத்தைந்து வயதில் நாள் தள்ளிப்போனால் உடனே கர்ப்பமோ என்று தோன்றும். நாற்பத்து நாலில் அதே நாள் தள்ளிப்போனால், "நிற்கப் போகுது போல" என்று விட்டுவிடுகிறார்கள். வயிறு கனக்கிறதே என்று ஸ்கேனுக்குப் போகும்போது மூன்று, நான்கு மாதம் ஓடியிருக்கும். பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வழக்கமான தேதி தாண்டி ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால், எந்த வயதிலும் முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை அட்டைதான்.

நாற்பதுகளில் உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் எந்தக் கருத்தடை ஒத்துவரும் என்பது பாதி விளங்கிவிடும். சினைப்பையில் இருக்கும் முட்டைகள் பிறக்கும்போது வந்தவை, புதிதாக ஊறுவதில்லை. நாற்பதை நெருங்கும்போது இருப்பு நன்றாகக் கரைந்திருக்கும். முட்டைகள் குறையக் குறைய, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி விரட்டும். இதனால் சில மாதம் முட்டை முன்கூட்டியே முதிர்ந்து, 28 நாள் சுழற்சி 24 ஆகச் சுருங்கும். சில மாதம் ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டை வெளிவரும். முப்பதுகளின் கடைசியில் கருத்தரிப்பவர்களுக்கு ஒன்றுபோல் இல்லாத இரட்டைக் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதற்கு இதுவும் காரணம். சில மாதம் முட்டையே வராது. அப்போது கர்ப்பப்பையின் உள்சுவர் ஈஸ்ட்ரோஜனால் மட்டும் தடித்துக்கொண்டே போய், இரண்டு மாதம் கழித்துக் கட்டி கட்டியாகக் கொட்டும்.

ஆக, வாய்ப்பு குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை. 40 முதல் 44 வயதுவரை எந்தத் தடையும் இல்லாமல் இருக்கும் பெண்களில், ஒரு வருடத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் கருத்தரிப்பார்கள் என்பது மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. நாள் எண்ணிப் பார்க்கும் 'சேஃப் பீரியட்' முறை உதவாமல் போவதும் இந்த வயதில்தான். எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை விலகியிருக்க வேண்டும் என்ற கணக்கு, 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மாதம் 23, அடுத்த மாதம் 41 என்று வருபவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கவலை இல்லாதவர்களே அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலர் இரண்டாவது பிரசவத்தோடு, சிசேரியன் என்றால் அதோடு சேர்த்தே, முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: குழாயைக் கட்டிய பிறகும் இருநூறு பேரில் ஒருவர் அளவுக்குக் கருத்தரிப்பதுண்டு. அப்படித் தரிக்கும் கரு, குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் அதிகம். ஆபரேஷன் ஆனவருக்கு நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியும் தலைச்சுற்றலும் இருந்தால், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே" என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

மற்றவர்கள் இப்போது புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எது கர்ப்பத்தை அதிகம் தடுக்கும் என்ற கேள்வியோடு மட்டும் டாக்டரிடம் போனால் போதாது. இந்த வயதில் முடிவை மாற்றுபவை வேறு: உதிரப்போக்கு எப்படி இருக்கிறது, பி.பி., சுகர் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடத்துக்குத் தேவை.

உதிரப்போக்கு அளவோடு இருந்தால், கர்ப்பப்பைக்குள் வைக்கும் 'T' வடிவக் காப்பர் டி-க்கு நிகரில்லை என்றே சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் '380ஏ' என்ற வகையில் அந்த எண், செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். தண்டில் சுற்றிய கம்பியில் பெரும்பகுதி. இரண்டு கைகளிலும் குட்டி வளையமாக மீதி. கரையும் செம்பு, விந்தணுக்களை முட்டையை அடையவிடாமல் செயலிழக்கச் செய்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லை. முதல் வருடத்தில் தோற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

போடுவது சில நிமிட வேலை. உள்பரிசோதனை செய்து கர்ப்பப்பை முன்னால் சாய்ந்திருக்கிறதா, பின்னாலா என்று பார்ப்பார்கள். கர்ப்பப்பை வாயைச் சுத்தம் செய்து, அசையாமல் பிடித்து, ஒரு மெல்லிய அளவுகோலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 6 முதல் 9 சென்டிமீட்டர்வரை இருக்கும். காப்பர் டி-யை உள்ளே கொண்டுபோகும் மெல்லிய குழாயில் உள்ள நீல நிறத் தடையை அந்த அளவுக்கு நகர்த்தி வைப்பார்கள். குழாய் மேல்சுவரைத் தொட்டதும், உள்ளிருக்கும் வெள்ளைக் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். அப்போது கைகள் தாமாக விரியும். குச்சியை உள்ளே தள்ளுவது தவறு, சுவரைத் துளைக்க வாய்ப்பு அங்கேதான். துளைபடுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. அதைவிட அதிகம் நடப்பது தானாக நழுவி வெளியே வருவது: இருபதில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதத்துக்குள். ஆகவே மாதவிலக்கு முடிந்ததும் கர்ப்பப்பை வாயில் தொங்கும் அதன் நூலை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. நூல் தட்டுப்படவில்லை, அல்லது பிளாஸ்டிக் முனையே தட்டுப்படுகிறது என்றால், டாக்டர் பார்க்கும்வரை ஆணுறை.

காப்பர் டி அட்டையில் பத்து வருடம் என்று இருக்கும். நாற்பது வயது ஆன பிறகு போடுவதாக இருந்தால், மாதவிலக்கு முற்றிலும் நிற்கும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. நாற்பதில் போடும் காப்பர் டி-யே பலருக்குக் கடைசியானதாக இருக்கலாம்.

அதன் குறை ஒன்றே, ஆனால் இந்த வயதில் அது பெரிய குறை. முதல் மூன்று முதல் ஆறு மாதம்வரை உதிரப்போக்கும் வலியும் கூடும். ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுபவருக்கு, ஹீமோகுளோபின் ஒன்பதில் நிற்பவருக்கு, இதைப் போட்டால் ரத்தசோகை இன்னும் மோசமாகும். அவருக்கு முதலில் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் தாறுமாறாக உதிரம் போனால், ஸ்கேனோடு கர்ப்பப்பை உள்சுவரில் துளி எடுத்துப் பரிசோதிப்பதும் தேவைப்படலாம். காரணம் தெரியாமல் உள்ளே எதையும் வைப்பது சரியல்ல.

நார்க்கட்டி கர்ப்பப்பையின் உள்ளறையை நெளிக்கவில்லை, புற்றுநோய் அறிகுறி இல்லை என்று தெளிவானால், இவருக்கு ஏற்றது ஹார்மோன் வளையம். உருவம் காப்பர் டி போலத்தான். செம்புக்குப் பதில் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கசியும். கர்ப்பப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை நிறுத்துகிறது, உள்சுவரை மெலிய வைக்கிறது. சுவர் மெலிந்தால் கொட்ட ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்குள் போக்கு வெகுவாகக் குறைகிறது. ஐந்தில் ஒருவருக்கு நின்றே போகிறது. "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுமே" என்ற பயம் பலருக்கு உண்டு. தங்குவதற்கு அங்கே ரத்தமே உருவாகவில்லை. முதல் மூன்று, நான்கு மாதம் மட்டும் துளித்துளியாகத் தொல்லை கொடுக்கும். இதைச் சொல்லாமல் போட்டுவிட்டால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வந்து நிற்பார்கள். விலை காப்பர் டி-யைவிடப் பல மடங்கு. ஆனாலும் உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு வரும்போது, அதற்கு முன் இதை முயன்று பார்த்தோமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. 45 வயதுக்கு மேல் போட்டால், கருத்தடைக்காக 55 வரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைக்கு வருவோம். மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் இருப்பதால், கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கூடுதலாகச் செய்யும். ஆரோக்கியமான நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது தடையல்ல. பி.பி. 140/90-க்கு மேல், புகைப்பழக்கம், கண்ணில் ஒளி தெறித்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்குழாயைப் பாதித்த சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய் இருந்தவர் என்றால் கூடாது. நாற்பதில் பி.பி. பார்க்காமல் மருந்துக்கடையில் வாங்கித் தொடங்குவதுதான் தவறு. இன்னொரு சிக்கல்: மாத்திரை நிறுத்தும் வாரத்தில் வருவது மாதவிலக்கு இல்லை, ஹார்மோன் நின்றதால் வரும் போக்கு. எனவே மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று இதைச் சாப்பிடும்வரை தெரியாது. 50 வயதில் நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாற வேண்டும்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சாயா மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஆனால் இது நாளைத் தள்ளிப்போட வைக்கும். ஏற்கெனவே நாள் தள்ளும் வயதில் கர்ப்பமா, மாத்திரையா, மாதவிலக்கு நிற்கிறதா என்று மூன்று பக்கமும் குழப்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி வசதியானது. ஆனால் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், எலும்பு தேயத் தொடங்கும் ஐம்பதை ஒட்டி அதைத் தொடராமல் இருப்பது நல்லது.

பலர் யோசிக்கவே மறுப்பது கணவருக்கான ஆபரேஷன். அதே 2019-21 ஆய்வின்படி, நாடு முழுவதும் திருமணமான தம்பதிகளில் ஆண் கருத்தடை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 0.3 மட்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் கத்தியின்றிச் சிறு துளையிட்டு, விந்துக்குழாயை வெளியே இழுத்து வெட்டிக் கட்டுவார்கள். இருபது நிமிடம், தையல் இல்லை. இரண்டு நாளில் வேலைக்குப் போகலாம். ஒரு வாரம் சைக்கிளும் பாரம் தூக்குவதும் வேண்டாம். தெம்பு குறையும் என்பது கட்டுக்கதை: ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, ரத்தத்தில் கலக்கிறது. விந்தில் அணுக்களின் பங்கு மிகச் சிறிது என்பதால் அளவும் குறையாது. இந்த ஆபரேஷன் தோற்பதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, வெட்டிய இடத்துக்கு மேலே மிஞ்சியிருக்கும் அணுக்கள் காலியாகும் முன் ஆணுறையை விட்டவர்களுடையவை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று காகிதத்தில் வந்த பிறகே நிம்மதி. மனைவிக்கானாலும் கணவருக்கானாலும், ஆபரேஷனுக்குத் துணைவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை.

எப்போது நிறுத்துவது? ஹார்மோன் எதுவும் பயன்படுத்தாதவருக்குக் கணக்கு எளிது. கடைசி மாதவிலக்கு ஐம்பது வயதுக்கு முன் என்றால் அதிலிருந்து இரண்டு வருடம், ஐம்பதுக்குப் பின் என்றால் ஒரு வருடம் தொடர வேண்டும். நடுவில் ஒருமுறை வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. 55 ஆனால் யாரும் நிறுத்திவிடலாம்.

நிறுத்துவது என்றால் காப்பர் டி-யை எடுப்பதும் சேர்த்துத்தான். தொல்லை இல்லை என்று அறுபதுவரை உள்ளேயே மறந்துவிடுபவர்கள் உண்டு. மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆக ஆகக் கர்ப்பப்பை சுருங்கி, வாய் இறுகும். நூல் உள்ளே போய்விடும் அல்லது இழுத்தால் அறுந்துவிடும். அப்போது சில நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கும். போட்ட தேதியும், 380ஏ-வா, 375 என்ற இன்னொரு செம்பு வகையா என்பதும் எழுதிய அட்டையை, ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.