3389 போர்ட்டை மூடிவிட்டு மற்றதைப் பேசுவோம்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், வெள்ளவத்தையில் ஒரு கிளை, வத்தளையில் களஞ்சியம் என்று வைத்திருக்கும் முதலாளிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது, கணக்கு மென்பொருளை ஒரே சேர்வரில் போட்டுவிட்டு எல்லா இடத்திலிருந்தும் பாவிக்க முடியுமா என்பதுதான். தாராளமாக முடியும். விண்டோஸ் சேர்வர் 2008 பதிப்பிலேயே அதற்கான ரிமோட்அப் வசதி வந்துவிட்டது. மென்பொருள் ஓடுவது சேர்வரில், கிளைக்கு வருவது திரைக்காட்சி மட்டும். பில் போடும்போது கிளையில் கரண்ட் போனாலும் பாதி பில் சேர்வரில் அப்படியே நிற்கும், திரும்ப நுழைந்து தொடரலாம். 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நமக்கு இது சின்ன விஷயமில்லை.

எனக்குப் பயம், பலர் அதைப் போட்டுக்கொடுக்கும் விதத்தில்தான். ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசலை, இணையத்துக்கு நேரே திறந்துவிட்டு, பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட சேர்வரில், நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து 4625 என்ற இலக்கத்தை மட்டும் வடித்துப் பாருங்கள்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக வரும். உங்கள் கடையை யாரும் குறிவைக்கத் தேவையில்லை, இணையம் முழுக்கத் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடுகின்றன. போர்ட்டை 3390க்கு மாற்றினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். 2019 மே மாதம் வெளியே தெரிந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டொப் ஓட்டைக்கு பாஸ்வேர்டே வேண்டாம். அதன் தீவிரத்தால் ஆதரவு நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் கொடுத்தது. உள்ளே வந்தவன் கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பான், பேக்கப் அதே சேர்வரின் டி டிரைவில் இருந்தால் அதுவும் போச்சு.

வி.பி.என். என்ற, உங்கள் ஆட்களுக்கு மட்டுமான பூட்டிய இணையப் பாதை வழியாக மட்டும் உள்ளே விடுங்கள், அல்லது 443 போர்ட்டில் ஓடும் ரிமோட் டெஸ்க்டொப் கேட்வே என்ற இடைவாசலை வைத்து, பாஸ்வேர்டுக்கு மேல் தொலைபேசியில் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேளுங்கள். கேட்வேயையும் அப்டேட் செய்யாமல் விடாதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒரு பேக்கப் கட்டாயம். அப்புறம் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான லைசன்ஸ்: அது இல்லாமல் 120 நாள் ஓடும், பிறகு ஊழியர்கள் நுழைய முடியாது. அந்த நேரத்தில் கிராக் போட்டுத் தருகிறேன், அன்டிவைரஸை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லும் ஆளை சேர்வர் பக்கமே விடாதீர்கள்.