வற்றும் ஏரியின் ஓரத்தில் வீடு

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊரைப் பார்ப்பதில்லை. கரைமேல் நின்று நீர்க்கடம்பு மரங்களைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கு அங்கே பறவைகளைவிட, ஏரியின் பக்கத்திலேயே காலங்காலமாகக் குடியிருக்கும் அந்த ஊர்தான் பெரிய அதிசயம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி அது. நவம்பரில் தொடங்கி நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் உறுதி வாங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பாசம் ஒரு காரணம் என்றால் வயல் இன்னொரு காரணம். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பறவை எச்சத்தில் இருப்பது நைட்ரஜனும் பாஸ்பரசும். நம் வீட்டுக் கழிவுநீரில் இருப்பதும் அதே இரண்டும்தான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் இறங்கும் ஏரி பச்சைக் குழம்பாகிறது, ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது, ஒருநாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஒரே சத்து ஓர் ஏரியை வாழவைத்து இன்னொன்றை ஏன் கொல்கிறது? ஏரியோரத்தில் எப்படிக் குடியிருப்பது என்ற பேச்சை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

முதலில் சத்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு சோதனை செய்தது. 226 என்று எண்ணிட்ட ஒரு சின்ன ஏரிக்கு நடுவில் இடுப்புபோல் ஒடுங்கிய இடம் இருந்தது. அங்கே திரை போட்டு ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். வானத்திலிருந்து எடுத்த படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது: ஒரு பாதி கருநீலம், பாஸ்பரஸ் போன பாதி பாசிப்பச்சை. மற்ற சத்துகள் தாராளமாக இருந்தாலும் பாஸ்பரஸ் கிடைக்காதவரை பாசி பெருகவில்லை. பூட்டுக்குச் சாவி மாதிரி அது.

1 கிராம் பாஸ்பரஸ் அரை கிலோ வரை ஈரப்பாசியை வளர்க்கும் என்பது நீரியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு மனிதரின் கழிவில் நாளுக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸ் போகிறது. 500 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 2,000 பேர். ஆளுக்கு ஒன்றரை கிராம் என்றாலும் நாளுக்கு 3 கிலோ. அது முழுவதும் ஏரிக்குப் போனால் தினமும் ஒன்றரை டன் பாசிக்குத் தீனி. இத்தனைக்கும் துணி சோப்புத் தூளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் எடுக்கும். அளவுக்கு மீறிப் பெருகிய ஏரியில் விடியற்காலை நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் தரைதட்டிவிடும். மீன்கள் காலையில் செத்து மிதப்பது அதனால்தான். செத்த பாசி அடியில் போய் அழுகும்போது அங்கே இருக்கும் மிச்ச ஆக்சிஜனும் தீரும். அப்புறம் இன்னொரு கொடுமை நடக்கும். அடிமண்ணில் இரும்போடு ஒட்டிக்கிடந்த பழைய பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாத நிலையில் இரும்பை விட்டுப் பிரிந்து மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும். வெளியிலிருந்து கழிவு வருவதை நிறுத்திய பிறகும் சில ஏரிகள் பல வருடங்கள் பச்சையாகவே கிடப்பது இந்த உள்கடன் தீராததால்தான்.

சரி, வேடந்தாங்கல் எப்படித் தப்பிக்கிறது? அங்கே தண்ணீர் தங்குவதில்லை. மதகு திறக்கிறது, சத்தோடு தண்ணீர் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசனத்தில் உள்ள வயல்களுக்குப் போகிறது, நெல் அதைத் தின்கிறது, அறுவடையில் பாஸ்பரஸ் ஏரியை விட்டு வெளியேறிவிடுகிறது. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளுக்கும் பழைய வழக்கம் இதுதான். ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும், தையில் மதகு வழியாக வடியும், சித்திரை வைகாசியில் வற்றும். வற்றிய ஏரியில் வண்டல் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். அடிமண்ணில் சேர்ந்த கடனும் அதோடு போய்விடும். வெயில் பட்டு வெடித்த தரைக்குள் காற்று புகுந்து, மக்காமல் கிடந்தது மக்கும். ஆகாயத்தாமரையும் காய்ந்து சாகும். வற்றுவது ஏரியின் நோய் என்று நாம் நினைத்துவிட்டோம். நம் ஊர் ஏரி வருடத்துக்கு ஒருமுறை குளித்துத் தலைதுவட்டிக்கொள்ளும் நேரம் அது.

நகரம் வந்தபோது முதலில் போனது ஆயக்கட்டு. வயல் மனையானது. மதகுக்கு வேலை இல்லாமல் போய் அடைத்துவிட்டார்கள். தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போக வழி இல்லை. அதே நேரத்தில் வீடுகளின் கழிவுநீர் வருடம் முழுக்க வரத்துக் கால்வாயில் இறங்குகிறது. ஒருமுறை புறநகரில் எங்களுக்கு மனை காட்டிய தரகர், "சார், இந்த ஏரி மே மாசத்துல கூட வத்தாது" என்று பெருமையாகச் சொன்னார். அன்று எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. மழை நின்று ஐந்து மாதம் ஆன பிறகு, 40 டிகிரி வெயிலில், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சுற்றி நகரம் உள்ள ஏரி கோடையிலும் தளும்பினால், அதை நிரப்புவது பெரும்பாலும் சாக்கடைதான்.

இனி, எந்தப் பக்கம் வீடு கட்டுவது? நம் ஏரி பள்ளத்தில் தோண்டிய குளம் அல்ல. லேசான சரிவில் தாழ்ந்த பக்கம் பிறைபோலக் கரை போட்டுத் தண்ணீரைத் தடுத்த அமைப்பு. மேட்டுப் பக்கம் கரையே கிடையாது. தண்ணீர் எவ்வளவு தூரம் வருகிறதோ அதுவரை ஏரி. இந்தப் பகுதியை உள்வாய் என்பார்கள். 500 அடிக்கு 1 அடி இறக்கம் உள்ள நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் 1 அடி ஏறினால், உள்வாயில் நீர்விளிம்பு 500 அடி முன்னே வரும். கோடையில் நின்று பார்க்கும்போது தண்ணீர் எங்கோ தூரத்தில் தெரியும். கார்த்திகையில் அது உங்கள் வாசலில் நிற்கும். ஏரி பெருகவில்லை, அதன் இடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நிரம்பிய ஏரியின் உபரிநீர் வழிந்து போகக் கட்டிய தாழ்ந்த சுவருக்குக் கலங்கல் என்று பெயர். ஏரியின் முழு நீர்மட்டம் என்பது கலங்கலின் உச்சி உயரம். ஆனால் பெருமழையில் கலங்கல் மேல் தண்ணீர் புரண்டு ஓடும்போது நீர்மட்டம் அதற்கும் மேலே ஏறியிருக்கும். ஆகவே வெள்ளத்தில் ஏரியின் எல்லை, வரைபடத்தில் உள்ள கோட்டைத் தாண்டி இருக்கும். உள்வாயில் பட்டா நிலங்களும் உண்டு. பட்டா இருக்கிறது என்றால் அந்த நிலம் உங்களுடையது என்று பொருள். அங்கே தண்ணீர் வராது என்று பொருளில்லை. மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு, கலங்கல் உச்சியிலிருந்து தங்கள் மனை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிட வேண்டும். செலவு அதிகமில்லை.

உள்வாய்க்கு அடுத்து இரண்டாவது, கரைக்கு வெளியே உள்ள தாழ்ந்த பக்கம். அங்கே இருப்பது பழைய வயல். அங்கே ஏரித்தண்ணீர் உங்கள் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. கசிவு இருக்கும், கிணறு நன்றாக ஊறும், அடித்தளம் ஈரமாகவே இருக்கும். மூன்றாவது, கலங்கலுக்குக் கீழே போகும் போக்குக் கால்வாய். இதைத்தான் நகரம் மிக எளிதாக மறக்கிறது, வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தானே தண்ணீர் ஓடுகிறது என்று. வேளச்சேரி ஏரியின் உபரிநீர் போக வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி இறுகினாலும் தண்ணீர் பின்னால் ஏறும். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் வீடுகளுக்குள் படகு போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற அது உதவ வேண்டும்.

பழைய ஊர்கள் நத்தத்தை, அதாவது வீடுகளுக்கு ஒதுக்கிய நிலத்தை, மேடான இடத்தில் வைத்தன. அதற்குமேல் அதில் பெரிய ரகசியம் இல்லை.

இடம் சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, உங்கள் கூரையில் விழும் மழை. ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். புல்லும் மண்ணும் இருந்தபோது அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கியது, மீதி மெதுவாக நடந்து ஏரிக்குப் போனது. சிமென்ட் போட்ட பிறகு ஏறக்குறைய முழுவதும், ஒரே மணி நேரத்தில், டயர் தூசி, எண்ணெய், நாய் எச்சம், தோட்டத்து யூரியா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. முதல் மழைத்தண்ணீர்தான் இருப்பதிலேயே அழுக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஏரியோர வீட்டில் அதைச் சட்டத்துக்குப் பயந்து வைக்கும் குழியாக நினைக்காமல், ஏரிக்கு முன்னால் நிற்கும் வடிகட்டியாக நினைத்துச் செய்ய வேண்டும். தெருவோரத்தில் சிமென்ட் வாய்க்காலுக்குப் பதில் ஆழம் குறைந்த புல் வாய்க்கால் வைத்தால் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போகும். மண் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கழிவுநீர் கதை இன்னும் கடினமானது. குடியிருப்புகளில் உள்ள சாதாரண சுத்திகரிப்பு நிலையம் நாற்றத்தையும் கலங்கிய நிறத்தையும் நன்றாகவே எடுத்துவிடும். பாஸ்பரசை அது முழுதாக எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெளிவாக வரும் தண்ணீர் ஏரிக்கு விருந்துதான். பெங்களூரின் வடக்கே ஜக்கூர் ஏரியில் இதற்கு நல்ல வழி ஒன்று செய்திருக்கிறார்கள். நாளுக்கு 1 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக ஏரிக்குப் போவதில்லை. சம்பங்கோரை போன்ற செடிகள் அடர்ந்த சதுப்பு ஒன்றுக்குள் நுழைந்து, அதன் வழியே மெதுவாக ஊர்ந்து, பிறகுதான் ஏரியில் சேர்கிறது. வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைக் காற்றாக்கி அனுப்புகின்றன. செடி பாஸ்பரசை உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. அதே நகரத்தின் பெல்லந்தூர் ஏரி நுரைத்து, 2017 பிப்ரவரியில் தீயும் பிடித்ததை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

ஆனால் கோரையை வெட்டி வெளியே எடுக்க வேண்டும். வெட்டாவிட்டால் அது காய்ந்து விழுந்து, எடுத்ததையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வேடந்தாங்கலில் நெல் அறுப்பது செய்கிற வேலையை இங்கே கோரை அறுப்பது செய்கிறது. ஆயக்கட்டு இல்லாத நகரத்து ஏரிக்கு யாராவது அறுவடை செய்தாக வேண்டும்.

ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று இப்போது பல இடங்களில் சுற்றிலும் செங்குத்தாகக் கரை எழுப்பி, மேலே நடைபாதை போட்டு, கம்பி வேலியும் விளக்கும் வைக்கிறார்கள். நடக்கச் சுகமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிக் கட்டியதும் உள்வாய் போய்விடுகிறது. கொக்கும் உள்ளானும் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்துதான் இரை தேடும். கிண்ணம் போன்ற ஏரியில் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. மீன்கள் முட்டையிடும் ஆழமற்ற ஓரமும் அங்கே இல்லை. மழைநீர் உள்ளே வரும் வழிகள்கூட நடைபாதைக்கு அடியில் ஒன்றிரண்டு குழாயாகச் சுருங்கிவிடுகின்றன. நடைபாதை வேண்டும் என்றால் இருக்கிற கரையில் போதுமே. மேட்டுப் பக்கத்தைக் கோரைக்கும் நாணலுக்கும் விட்டுவிடலாம். இரவில் அந்தப் பக்கம் விளக்கும் வேண்டாம். அடைந்த பறவைகள் தூங்கட்டும்.

கோரை இருந்தால் கொசு வருமே என்று குடியிருப்போர் சங்கத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். நியாயமான பயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு வாளியிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடுவது. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸுக்கு அழுகிய சாக்கடைத் தண்ணீர்தான் பிடிக்கும். சுத்தமான ஏரியில் மீன் குஞ்சுகளும் தும்பியின் இளம்புழுக்களும் கொசுப்புழுவைத் தின்று தீர்க்கும், அவை ஒளிந்து வாழ்வதும் அந்தக் கோரைக்குள்ளேதான்.

முன்பு ஊரே கூடி வரத்துக் கால்வாய் தூர்வாருவதற்குக் குடிமராமத்து என்று பெயர் இருந்தது. ஏரியோரக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத்தில் நீச்சல் குளத்துக்கு ஒரு வரி இருக்கிறதே, கலங்கலுக்கும் கால்வாய்க்கும் ஒரு வரி இருக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் அடைப்பு எடுத்தாக வேண்டும்.

ஏரி பார்த்து வீடு வாங்க நினைப்பவர்கள் இரண்டு முறை போய் வாருங்கள். ஒன்று, மே மாதம் நடுவில்: ஏரி வறண்டு, பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். இன்னொன்று, கார்த்திகையில் நல்ல மழைக்கு மறுநாள். கலங்கல் எங்கே என்று ஊரில் வயதான ஒருவரைக் கேளுங்கள். அங்கிருந்து வழியும் தண்ணீரோடு கூடவே நடந்து, அது அடுத்த ஏரிக்குப் போய்ச் சேருகிறதா, இல்லை நடுவில் யாருடைய காம்பவுண்டு சுவரிலாவது முட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.