மூடி பதியவில்லையா? சாரலைத் திட்டாதீர்கள், கீல் குழியைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கினால் போதும், சின்ன மரப்பெட்டிகள் பழுதுக்கு வரத் தொடங்கிவிடும். நகைப்பெட்டி, வெற்றிலைச் செல்லம், பேனாப் பெட்டி என்று எது வந்தாலும் குறை ஒன்றுதான். மூடி முன்பக்கம் தூக்கி நிற்கும், பின்பக்கத் திருகுகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு எழும்பியிருக்கும். கொண்டுவருகிறவர் சொல்வதும் ஒன்றேதான்: “சாரல்ல மரம் ஊதிட்டு.”

மரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஈரம் குடித்த பலகை அகலவாக்கில்தான் பெருக்கும். நாரின் நீளத்தில் பெருப்பது கண்ணுக்கே தெரியாது. மூடிப் பலகை பெருத்தால் அதன் விளிம்பு பெட்டிக்கு வெளியே நீட்டும், அல்லது பலகை வளையும். பின்னால் இறுகி, முன்னால் சுருள்வில் மாதிரி எழும்புகிறதா? கீல் குழியின், அதாவது கீலின் தகடுகள் பதிய மூடியிலும் பெட்டியிலும் வெட்டும் பள்ளத்தின், ஆழம் கூடிவிட்டது என்று அர்த்தம். பங்குனி வெயிலிலும் அந்தப் பெட்டி அப்படித்தான் இருந்திருக்கும். அப்போது அமுக்கிப் பூட்டியிருப்பீர்கள்.

“இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் மூடி நன்றாகப் பதியும்” என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். கணக்கைப் பாருங்கள். கீலின் ஆணி (இரண்டு தகடுகளையும் கோத்து நிற்கும் அச்சு) பின்பலகைக்கு வெளியே 2.5 மி.மீ. தள்ளி நிற்கிறது, ஆணியிலிருந்து மூடியின் முன்விளிம்பு 150 மி.மீ. தூரம் என்று வையுங்கள். 60 மடங்கு. மேல்குழி, கீழ்குழி இரண்டும் சேர்ந்து 0.1 மி.மீ. கூடிப்போனால், அதாவது ஒரு ஏ4 தாளின் கனம், பின்விளிம்புகள் முதலில் முட்டிக்கொள்ளும். முன்பக்கம் 6 மி.மீ. தூக்கும். கீலில் இருக்கும் ஆட்டம் அதில் கொஞ்சத்தை விழுங்கும், அவ்வளவுதான். தூக்கிய மூடியை ஒரு கிலோ எடைக்கு அமுக்கினால் பின்னால் திருகுகளை இழுப்பது ஏறக்குறைய 60 கிலோ. அரை அங்குலத் திருகு எப்படித் தாங்கும்? நிலைக்கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே 2, 3 மி.மீ. சந்து விடுகிறோம், அதனால் அங்கே இது தெரிவதில்லை. கதவுக்கே கீல் வைத்துப் பழகிய கை சின்னப் பெட்டியில் தவறுவதும் இதனால்தான்.

தகட்டின் கனத்தை மட்டும் அளந்து குழி வெட்டுவது எதிர்ப்பக்கத் தப்பு. ஆணி நுழையும் குழல் 4 மி.மீ., தகடு 1.2 மி.மீ. என்றால் பின்னால் 1.6 மி.மீ. சந்து விழும். கீலை மூடி, தகடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்போது வெளிமுகத்துக்கு வெளிமுகம் வெர்னியர் அளவுகோலில் அளங்கள். அதில் பாதியிலிருந்து 0.1 மி.மீ. குறைத்தால் வருவதே ஒரு குழியின் ஆழம். 4 மி.மீ. என்றால் 1.9. சில கீல்களில் தகடுகள் ஒட்டிப் படுக்கும். அங்கே கணக்கு மாறும். ஆகவே ஒவ்வொரு கீலையும் அளங்கள், ஒரே பொட்டலத்தில் இருந்தாலும்.

பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டின் தடிமனே அரை மி.மீ. வந்துவிடும். கீலையே இடத்தில் வைத்துக் கத்தி முனையால் கீறுங்கள். அகலத்தையும் ஆழத்தையும் மார்க்கிங் கேஜில் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) பிடித்து இழுங்கள். வெட்டும்போது நாருக்குக் குறுக்கே உள்ள இரண்டு ஓரங்களையும் முதலில் இறக்க வேண்டும். நார் போகும் நீளக் கோட்டில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் பலகை பிளந்துகொண்டு ஓடும். வேம்பில் நார் பின்னிக் கிடப்பதால் அது எந்தப் பக்கம் கிழியும் என்று சொல்லவே முடியாது. 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கே லேசாகத் தட்டிவிட்டு, திறந்திருக்கும் பின்பக்கத்திலிருந்து கையாலேயே சீவி எடுங்கள். உள்பக்கம் மிஞ்சி நிற்கும் மெல்லிய மரம் உடைந்துவிடும், உளியை நெம்பாதீர்கள். தேக்கில் மணல் சத்து உண்டு, உளியின் கூர்மையைத் தின்றுவிடும். இரண்டு குழிக்கு ஒரு தடவை சாணைக்கல்லில் தீட்டுங்கள்.

கீலைப் பெட்டியில் மாட்டி, மூடியை அதன் மேல் வைத்து மூடிக்குக் குறி எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக டேப்பில் அளந்தால் சாய்வு நிச்சயம்.

2.5 மி.மீ. திருகுக்கு 1.5 மி.மீ. துளை. பித்தளைத் திருகை நேரே ஏற்றினால் கழுத்து முறியும். அதே அளவு இரும்புத் திருகை ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள். முதலில் தகட்டுக்கு ஒன்றே ஒன்று. மூடிப் பார்த்த பிறகு மற்றவை. திருகுத் தலை தகட்டுக்கு மேலே துளி எழும்பி நின்றாலும் மூடி இறுகும், அதையும் பாருங்கள்.

ஏற்கெனவே தூக்கி நிற்கிற பெட்டி கையில் இருந்தால், தயவு செய்து அமுக்காதீர்கள். தகட்டைக் கழற்றி, குழி அளவுக்கு ஒரு தாள் வெட்டி அடியில் போட்டு மாட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. திருகு பிய்ந்திருந்தால் தீக்குச்சி திணிப்பதை விடுங்கள். 5 மி.மீ. துளை போட்டு, அதே மரத்தில் சீவிய முளையைப் பசை வைத்து இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டுப் புதுத்துளை போடுங்கள்.